47ஆம் நாளில் இன்ஸ்டாகிராமை மூடியது பற்றி

குடியை விட்டு 47 நாள், இன்ஸ்டாகிராம் கணக்கை நீக்கியதும் தினமும் போட்டுக்கொண்டிருந்த தியானக் குறிப்பு நின்றுபோனது, விசுவாசமே தளர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் ஜெபத்தைப் பற்றி நாலு வரி போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று நடுராத்திரிவரை திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான், ஜெபம் மட்டும் பண்ணியிருக்க மாட்டேன் (சிரிக்காதீர்கள்).

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் பத்தாவது, தன்னைத் தானே தொடர்ந்து சோதித்துப் பார்த்து, தப்பு செய்திருந்தால் உடனே ஒப்புக்கொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்கு வாசகர்கள் எதற்கு? பாதி எழுதிய பழைய நோட்டு போதும். முதல் வாரம் முழுக்க என் நோட்டில் இருந்தது "இன்று குடிக்கவில்லை, கோபம் வந்தது" மட்டுமே.

சரி, இன்ஸ்டாகிராமில் துணையாக இருந்த இரண்டு மூன்று பேரின் நம்பர் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே உள்ளே போய் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், நீக்கச் சொல்லி 30 நாள் ஆகும்வரை திரும்ப நுழைய வழி உண்டு. ராத்திரி குடிக்கத் தோன்றும்போது நோட்டு போதாது, மணி பார்க்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள்.