கோடையில் கடற்கரை வீட்டிலிருந்து என்ன பறவைகளைப் பார்க்கலாம்?

ராமேஸ்வரம் பக்கம் கடலோர வீட்டில் மே மாதம் தங்கப் போகிறேன், வலசைப் பறவைகள் போன பிறகு பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கும். குளிர்காலத்தில் வந்து கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பியிருக்கும், சரி. ஆனால் நம் மணலிலேயே முட்டையிடும் பறவைகளுக்கு இதுதான் பருவம்.

முதலில் அனுமன் உப்புக்கொத்தியைத் தேடுங்கள். உருவம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இதை 2023இல்தான் தனி இனம் என்று பிரித்தார்கள். குடுகுடுவென ஓடும், சட்டென்று நிற்கும், மணலைக் கொத்தும், மறுபடி ஓடும். கூடு கட்டாது, மணலில் ஒரு சின்னக் குழி, அதில் கரும்புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மணல் கொதிக்கும் மதியத்தில் உப்புக்கொத்தி, ஆள்காட்டி மாதிரிப் பறவைகள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டைமேல் உட்காருவதுண்டு. பார்த்தால் மனசு உருகிவிடும்.

ஒரு பறவை சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும், காகமும் கவனித்துக்கொண்டிருக்கும். நாயை அந்தப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டாம்.

அப்புறம், அலைக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்வது ஆலா. படகு கரையேறும் இடத்தில் செம்பருந்து வட்டமிடும். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். காலை எட்டு மணிக்குள் திண்ணையிலிருந்தே பார்த்துவிடலாம்.