நீலக்கோட்டை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் உயர்தர மாணவருக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இடவிளக்கப்படத்தில் ஓர் ஆற்றைக் காட்டி "இது என்ன வடிகால் பாங்கு?" (ஆறும் கிளைகளும் சேர்ந்து அமைக்கும் வடிவம்) என்று கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். "இது எப்படி உருவானது, படத்திலிருந்தே காட்டு" என்றால் பாடப்புத்தக வரிகளை ஒப்புவிக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று காட்ட வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. அதன் படத்தை வைத்தே பழக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வழுக்கையாற்றில் தொடங்க வேண்டாம், ரீச்சர். அதைக் கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலவுருவத்தின் பிறப்பைப் படத்தில் சொல்பவை சமவுயரக்கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தில் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 100 அடி, 1:50,000 படத்தில் 20 மீற்றர். வழுக்கையாறோ தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வந்து அராலியில் கடலேரியைத் தொடுகிறது. ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளம். அவ்வளவு தூரத்திலும் நிலம் இறங்குவது சில மீற்றர்தான். முழுச் சரிவும் ஒரே கோட்டு இடைவெளிக்குள் அடங்கிவிடுவதால், படத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஆற்றைக் குறிக்கும் நீலக்கோடு மட்டும்.

அந்த நீலக்கோட்டில்தான் சிக்கலே இருக்கிறது. இன்று தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பதை அது காட்டும். அந்தப் பள்ளத்தை வெட்டியது எந்தத் தண்ணீர், எந்தத் திசையில் ஓடிய தண்ணீர் என்பதை அது காட்டாது. பிள்ளைகள் நீலக்கோட்டின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகிவிட்டார்கள். அதனால்தான் "எப்படி?" என்றதும் புத்தகத்துக்கு ஓடுகிறார்கள்.

ஆகவே கண்டி அல்லது ஹற்றன் பக்கத்துப் படம் ஒன்றை எடுங்கள். அதன்மேல் ரேசிங் பேப்பரை விரித்து, நீலக்கோடே இல்லை என்று வைத்துக்கொண்டு, சமவுயரக்கோடு எங்கெல்லாம் உயரமான பக்கம் நோக்கிக் குத்தி வளைகிறதோ அங்கெல்லாம் அந்த முனையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகளை இணைத்தால் பள்ளத்தாக்குகள் வரும். தாழ்ந்த பக்கம் நோக்கித் துருத்தும் முனைகளை இன்னொரு நிறத்தில் இணைத்தால் மலையின் கைகள், அதாவது சுவடுகள் வரும். இது முடிந்த பிறகு நீலக்கோட்டோடு ஒப்பிடட்டும். படத்தில் ஓடை குறிக்காத பள்ளங்கள் பல வந்திருக்கும். சின்ன ஓடை படுத்திருக்கும் மிகப் பெரிய பள்ளத்தாக்கும் ஒன்றிரண்டு வரலாம். அப்படி ஒன்று வந்தால் அதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய பள்ளத்தை இந்த ஓடைதான் வெட்டியதா என்ற கேள்வி அங்கே தானாக எழும்.

அடுத்த வேலை நீர்பிரிமேடு, அதாவது மழைநீரை இரு வேறு ஆறுகளுக்குப் பிரித்துவிடும் மேடு. ஆற்றின் கதை ஆற்றில் இருப்பதைவிட நீர்பிரிமேட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஹற்றன் இதற்கு அருமையான இடம். ஒரு பக்க நீர் மகாவலிக்குப் போய்த் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மறுபக்க நீர் களனி வழியாகக் கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே போகும்போது, மேடு திடீரெனத் தாழ்ந்து மீண்டும் உயரும் இடங்கள் வரும். சமவுயரக்கோடுகளில் அது உடுக்கு மாதிரித் தெரியும். இரண்டு பக்கமும் உயர்ந்த வட்டங்கள், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. அந்த இடுப்பின் இரு புறமும் எதிரெதிர்த் திசையில் ஓடைகள் தொடங்கும்.

அந்த இடுப்பில் நின்று இரண்டு காரணங்களை யோசிக்கச் சொல்லுங்கள். ஒன்று, இரு பக்க ஓடைகளும் தாங்கள் தொடங்கும் இடத்தையே பின்னோக்கி அரித்து வந்து மேட்டின் தலையைத் தேய்த்திருக்கலாம். மற்றது, முன்பொரு காலம் ஓர் ஆறு அந்த இடத்தைக் குறுக்கே கடந்து ஓடியிருக்கலாம். முதலாவது என்றால் தாழ்வு ஒடுக்கமாகவும் மேட்டின் போக்கில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். இரண்டாவது என்றால் தாழ்வின் தரை அகலமாக, தட்டையாக இருக்கும். இரு பக்கப் பள்ளத்தாக்குகளும் ஒரே நேர்கோட்டில் ஒன்றின் தொடர்ச்சி மற்றது போல அமையும். இப்படிப்பட்ட தாழ்வுகள் பல ஒரே திசையில் வரிசையாக வந்தால் சாட்சி இன்னும் கனக்கும்.

இரண்டாவது காரணத்துக்குப் புவியியலாளர் பலர் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. அங்கே புளூ ரிட்ஜ் மலைத்தொடரில் ஸ்னிக்கர்ஸ் கணவாய் என்றொரு தாழ்வு, கடல் மட்டத்திலிருந்து 1,000 அடிக்குச் சற்று மேலே. இன்று அதன் வழியாக ஆறு எதுவும் ஓடவில்லை. ஒரு காலத்தில் பீவர்டாம் ஓடை மலையைக் குறுக்கே கடந்து சென்ற வாசல் அது. மலைக்கு மேற்கே மென்மையான சுண்ணக்கல்லில் ஷெனண்டோவா ஆறு பின்னோக்கி அரித்து வளர்ந்து, அந்த ஓடையின் மேல்பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வாசல் வறண்டு உயரத்திலேயே நின்றுவிட்டது. ஆற்றுச் சிறை என்று நாம் படிப்பிப்பது இதைத்தான். அந்த நாட்டின் நிலவியல் அளவை நிறுவனம் 1:24,000 படங்களை இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. ஒன்றை அச்செடுத்து வகுப்பில் மாட்டினால் உடுக்கு இடுப்பைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

இன்னொரு தடயம், கிளையாறு சேரும் கோணம். சாதாரணமாகக் கிளையாறு தாயாற்றின் ஓட்டத் திசைக்குச் சாய்ந்தே வந்து சேரும், இலை நரம்பு நடு நரம்பில் சேர்வது போல. சில படங்களில் கிளைகள் எதிர்ப்பக்கம் நோக்கிச் சாய்ந்து, தூண்டில் முள் மாதிரி வந்து சேரும். கிளைகள் சாய்ந்திருக்கும் திசையில்தான் தாயாறு முன்பு ஓடியிருக்க வேண்டும், பிறகு அதன் ஓட்டம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பாறையின் வெடிப்பும் கிளையை அப்படித் திருப்பிவிடும்.

இந்த எச்சரிக்கைக்கு மகாவலியே நல்ல உதாரணம். பேராதனையிலிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் ஆறு, அங்கே திரும்பிக் கண்டியைச் சுற்றிக்கொண்டு தென்னகும்புரப் பக்கம் வருகிறது. திருப்பத்தைக் கண்டதும் பிள்ளைகள் "ஆற்றுச் சிறை" என்று எழுதிவிடுவார்கள். நீலக்கோட்டை மறைத்துவிட்டு மலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டி, ஹற்றன், தும்பறைப் பகுதிகளில் மேடுகளும் பள்ளங்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஏணிச்சட்டம் போல ஓடும். குவாற்சைற்று போன்ற கடும்பாறை மேடாக நிற்கிறது, பளிங்குருவான சுண்ணக்கல் கரைந்து பள்ளமாகிறது. ஆறு மென்மையான பாறையில் நீளமாக ஓடி, வெடிப்புக் கிடைத்த இடத்தில் கடும்பாறையைக் குறுக்கே வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் சமவுயரக்கோடுகள் நெருங்கி வந்து ஆற்றை நெரிக்கும். இந்த விளக்கமே திருப்பத்துக்குப் போதும். சிறை என்று எழுத வேண்டுமானால், ஆறு முன்பு போன திசையிலே ஒரு வறண்ட வாசலையும் காட்ட வேண்டும். வளைவு மட்டும் சாட்சியாகாது.

ஒரே உருவம், வெவ்வேறு பிறப்பு என்பதை வகுப்பில் நன்றாக ஊன்றிச் சொல்லுங்கள். ஆறு வளைந்து வளைந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு கரையிலும் சமவுயரக்கோடுகள் தூர விலகி நின்றால், அது வெள்ளச் சமவெளியில் தன் வண்டலைத் தானே அரித்து வளையும் ஆறு. அதே வளைவுக்கு இரு கரையிலும் கோடுகள் நெருக்கிப் பிடித்தால், முன்பு சமநிலத்தில் வளைந்த ஆறு, நிலம் உயர்ந்தோ கடல் தாழ்ந்தோ, தன் வளைவோடு கீழே வெட்டி இறங்கியிருக்கிறது. நீலக்கோட்டில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

"வில்லு" என்ற பெயரும் அப்படித்தான். பொலன்னறுவைக்குக் கிழக்கே மகாவலியின் கீழ்ப்பகுதியில் உள்ள வில்லுகள் வெள்ளம் ஏறி நிறையும் தாழ்நிலங்கள், ஆறு கைவிட்ட வளைவுகளும் அவற்றில் உண்டு. வில்பத்துவின் வில்லுகளோ பெரும்பாலும் மழைநீர் தங்கும் ஆழமற்ற இயற்கைக் கிண்ணங்கள். படத்தில் இரண்டும் நீல நிறத் திட்டுகள். பக்கத்தில் ஆறு இருக்கிறதா, திட்டின் வளைவு ஆற்றின் வளைவோடு அளவில் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் பிரித்தறியலாம். எங்கள் பக்கத்திலும் தொண்டைமானாறு, உப்பாறு என்று ஆற்றுப் பெயர் இருக்கிறது, இருப்பதோ கடலேரி. பெயரை நம்பி விடை எழுதப் பிள்ளைகளை விடாதீர்கள்.

மலைநாட்டுப் படத்தில் கை பழகிய பிறகு வன்னிக்கு வாருங்கள். கனகராயன் ஆறு வடக்கே வந்து இரணைமடுவில் தேங்கிப் பிறகு கடலேரிக்குப் போகிறது. அங்கே நிலம் தட்டை, கோடுகள் அரிது. ஆனால் குளங்கள் கோட்டின் வேலையைச் செய்யும். குளக்கட்டு எப்போதும் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும். குளத்தின் ஒடுங்கிய வால் மேட்டுப் பக்கம் நோக்கி நீளும். ஆகவே படத்தில் ஒவ்வொரு குளத்திலும் வாலில் இருந்து கட்டுக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து குளத்துக்குப் போட்டால் அம்புகள் ஒன்றையொன்று தொடர்ந்து, ஒரு குளத்தின் மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகும் வழி தெரியும். அம்புகள் இரு பக்கமும் பிரியும் இடம் நீர்பிரிமேடு. எனக்கு இதைவிட மனநிறைவு தரும் படப்பயிற்சி வேறில்லை. ஒரு சமவுயரக்கோடும் இல்லாத காகிதத்தில், அந்தக் காலத்துக் கமக்காரர் நிலத்தின் சரிவை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

குடாநாட்டில் கோடு இல்லை என்றால் செய்மதி உயரத் தரவில் இருந்து நாங்களே கோடு இழுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நானும் அதைச் செய்து பார்த்தேன். 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ராடார் கொண்டு எடுத்த தரவில் ஒரு மீற்றர் இடைவெளியில் கோடு போட்டதும், தட்டை என்று நான் நன்றாக அறிந்த ஓரிடத்தில் அழகான ஒரு மேடு எழுந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்தால் அங்கே நின்றது பனங்கூடல். ராடார் தரையை மட்டும் அளப்பதில்லை, மரத்தலையையும் சேர்த்தே அளக்கும். மலைநாட்டில் அந்தப் பிழை பெரிதில்லை. முழு நிலமுமே சில மீற்றர் உயரமுள்ள எங்கள் ஊரில் பனைதான் மலையாகிவிடும்.

சரி, இப்போது வழுக்கையாறு. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் மேலால் ஓடுவதைவிட உள்ளே இறங்குவது அதிகம். கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரைக் கிணறும் அந்த உள் ஓட்டத்தின் வாசல்கள். ஆகவே இங்கே "ஆறு ஏன் இப்படி வளைகிறது?" என்று கேட்பதற்கு முன், "சுண்ணக்கல்லின் மேல் ஓர் ஆறு எப்படி நிற்கிறது?" என்று கேட்க வேண்டும். இதற்கும் இரண்டு காரணங்களை முன்வைக்கலாம். மாரி வெள்ளம் தாழ்வான நிலத்தைத் தேடி ஓடி மெல்ல வெட்டிய வழியாக இருக்கலாம். அல்லது, நிலத்துக்குக் கீழே கரைந்த நீர்ப்பாதையின் கூரை இடம் இடமாக இடிந்து உருவான வரிசைப் பள்ளமாக இருக்கலாம்.

முதலாவது சரியென்றால் பள்ளம் தலையில் இருந்து வாய்வரை தொடர்ந்து இறங்க வேண்டும், இரு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள் சேர வேண்டும். இரண்டாவது சரியென்றால் பள்ளத்தின் தரை ஏறி இறங்கும், வெளியேற வழியில்லாத கிண்ணங்கள் வரிசையாக வரும், கிளைகள் அரிதாக இருக்கும். கையில் உள்ள படத்தால் இதைத் தீர்க்க முடியாது. தீர்க்க என்ன அளக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லித்தருகிறது. விடைத்தாளிலும் இதே ஒழுங்கைப் பழக்குங்கள். முதலில் படத்தில் காண்பது, அது படத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற எண்ணோடு. அடுத்து அதற்குப் பொருந்தக்கூடிய காரணங்கள், ஒன்றுக்கு மேல். கடைசியில் எந்தக் காரணத்துக்குச் சாட்சி அதிகம், எது குறைகிறது என்பது.

கார்த்திகை மழை பிடித்ததும் பிள்ளைகளை அளவெட்டியில் இருந்து நவாலி வரை ஒவ்வொரு மதகடியிலும் இருவராக நிறுத்திவையுங்கள். தண்ணீர் எந்த மதகில் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, எங்கே தேங்கி நின்றுவிட்டு ஓடியது, எங்கே ஓடாமலே கீழே இறங்கியது என்று குறிக்கட்டும். அந்தக் குறிப்பை 1:50,000 படத்தின்மேல் ஏற்றுங்கள். தண்ணீர் தேங்கி நின்ற இடங்களை முதலில் வட்டமிடுங்கள்.