கறி வைக்க எந்த ஃப்ரீசர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சொந்தக் கிடாய் வெட்டுவோம். பங்காளிகளுக்குக் கொடுத்தது போக 15 கிலோ கறியாவது மிஞ்சும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அது அடங்குவதில்லை. கடையில் கண்ணாடி மூடி போட்ட டீப் ஃப்ரீசரைக் காட்டி, இதுதான் அதிகம் விற்கிறது என்கிறார்கள். எத்தனை லிட்டரில், எந்த மாதிரி வாங்கலாம்?
– வாசகி, தாராபுரம்

பதில்: கண்ணாடி மூடி வேண்டாம். அது ஐஸ்கிரீமை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்து விற்பதற்காகச் செய்தது. கண்ணாடி வழியாக வெப்பம் சுலபமாக உள்ளே இறங்கும். மேல் வரிசைப் பொட்டலங்கள் அடியில் இருப்பவற்றைப் போல இறுகவே இறுகாது, கரண்ட் போனால் முதலில் இளகுவதும் அவைதான். ‘ஹார்டு டாப்’ என்று கேட்டு வாங்குங்கள். மூடிக்குள்ளும் கனமான ஃபோம் இருக்கும், பூட்டும் இருக்கும். அலமாரி போல நிற்கும் மாடலில் பொருளைத் தேடி எடுப்பது சுலபம் என்பது உண்மை. ஆனால் அதன் கதவைத் திறந்தால் குளிர்காற்று கீழ்வழியாகக் கொட்டிப் போய்விடும். பெட்டி மாடலில் குளிர் அடியிலேயே தங்கும்.

அடுத்தது அளவு. எலும்போடு வெட்டிய கறியைப் பொட்டலம் போட்டு அடுக்கினால் 100 லிட்டரில் சுமார் 40 கிலோ பிடிக்கும். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 100 லிட்டரே போதும். ஆனால் கடைக்காரர் சொல்லாத இன்னொரு கணக்கு இருக்கிறது. பச்சைக்கறியை 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறைய வைக்க முடியும் என்பது அது. பொதுவாக 100 லிட்டருக்கு 4 கிலோ, மிஞ்சினால் 5 கிலோ. 15 கிலோவையும் ஒரே நாளில் 100 லிட்டர் பெட்டியில் திணித்தால் நடுவில் இருக்கும் பொட்டலம் மறுநாளும் மெத்தென்றுதான் கிடக்கும். மெதுவாக உறையும் கறியில் ஐஸ் துகள் பெரிதாகி, தசையைக் கிழித்துவிடும். இளக வைக்கும்போது சாறெல்லாம் வடிந்து சக்கைதான் மிஞ்சும். எனவே 200 லிட்டர் எடுங்கள், கறியை இரண்டு நாளாகப் பிரித்து வையுங்கள். விவரப் புத்தகத்தில் ‘ஃப்ரீசிங் கெப்பாசிட்டி’ என்று இந்த எண் கிலோவில் போட்டிருக்கும். அது இல்லாத மாடலை வாங்க யோசிப்பது நல்லது.

பின்பக்க ஸ்டிக்கரில் ‘கிளைமேட் கிளாஸ்’ என்று ஓர் எழுத்தும் இருக்கும். ‘டி’ என்றால் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை இருந்தாலும் வேலை செய்யும். ‘எஸ்டி’ 38 வரைதான், ‘என்’ 32 வரைதான். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு, அதுவும் ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ வைப்பதாக இருந்தால், ‘டி’ இல்லாததைத் தொடாதீர்கள். பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்துக்குள்ளேயே ஓடும். பக்கம் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம், ஆனால் நாலு பக்கமும் அரை அடி இடைவெளி விடுங்கள்.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறோம். வெட்டிய சூட்டோடு கறியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். தசை விறைத்துத் தளர்வதற்கு முன்பே உறைந்த கறி, இளகும்போது சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் கடிபடாது. துண்டு போட்டு, அகலமான தட்டுகளில் பரப்பி, ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். பக்ரீத் குர்பானிக் கறிக்கும் இதே முறைதான்.

கேள்வி: ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் மேலே ஃப்ரீசரில் வைத்த கோழி, மூன்று வாரத்தில் ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்துபோகிறது. மெஷினில் கோளாறா?
– வாசகர், மதுரை

பதில்: மெஷினில் கோளாறு இல்லை. நீங்கள் சொல்லும் ஐந்து நட்சத்திரம் மின்சாரச் சிக்கனத்துக்கு அரசு கொடுப்பது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ரீசர் பெட்டிக்குத் தனியாக நட்சத்திரக் குறி உண்டு. ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 டிகிரி. நான்கு இருந்தால்தான் பச்சைப் பொருளைப் புதிதாக உறைய வைக்கும் திறன் உண்டு என்று அர்த்தம். மூன்று நட்சத்திரப் பெட்டி ஏற்கெனவே உறைந்ததைப் பாதுகாக்கும், அவ்வளவே.

வெளுப்பது, கறியின் ஈரம் காற்றோடு போய்விடுவதால். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் விசிறி காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஐஸ் கட்டாமலிருக்க உள்ளே ஒரு ஹீட்டர் அவ்வப்போது ஓடும். லூசாகக் கட்டிய கேரி பேக்கில் கறி வைத்தால் காயத்தான் செய்யும். சாப்பிடலாம், கெடுதல் இல்லை, ஆனால் ருசி இருக்காது. கழுவினால் தண்ணீரை நன்றாக வடித்துத் துடையுங்கள். கனமான ஜிப் கவரில் அரைக் கிலோவாகப் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் தட்டையாக்கி வையுங்கள். சீக்கிரம் உறையும், சமைக்கும் நாளில் சீக்கிரம் இளகும். தேதி எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18-ல் கோழித் துண்டுகள் 9 மாதம் வரை தாங்கும். கொத்துக்கறி, ஈரல் எல்லாம் 3, 4 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டியவை. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்கள் 2, 3 மாதத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். மீனையும் இறாலையும் டப்பாவில் தண்ணீர் மூழ்க ஊற்றி உறைய வைப்பது நல்ல பழக்கம். ஐஸ் காற்றைத் தடுக்கும்.

கேள்வி: கஜா புயலின்போது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சாதாரண நாளிலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஃப்ரீசருக்கு ஸ்டெபிலைசர் போதுமா, இன்வெர்ட்டரில் இணைக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: ஸ்டெபிலைசர் கட்டாயம். அதில் மூன்று நிமிடத் தாமதம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் நின்ற உடனே உள்ளே கேஸின் அழுத்தம் சமமாகாது. அதற்குள் கரண்ட் வந்தால் கிளம்ப முடியாமல் திணறி, மோட்டாரின் சுருள் சூடாகும். கம்ப்ரசர் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டிக்குத் தனி பிளக், எர்த் உள்ள சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு பங்கு போடக்கூடாது.

ஓரிரு மணி நேர மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் தேவையே இல்லை. ஓடும்போது 100, 150 வாட் இழுக்கும் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலையில் மின்சாரம் தருவது) அல்லாத இன்வெர்ட்டரில் மோட்டார் தேவையில்லாமல் சூடாகும். மூடியைத் திறக்காமல் விட்டால், நிறைந்த பெட்டி சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை மறக்கவேண்டாம். பாட்டிலில் மேலே இரண்டு அங்குலம் காலி விடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய் காசை வையுங்கள். ஊருக்குப் போய் வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கறியைத் தூக்கிப் போடவேண்டியதுதான். கரண்ட் வந்ததும் பார்க்கையில் கறிக்குள் ஐஸ் துகள் இன்னும் தட்டுப்பட்டால் மறுபடி உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும்.

கடலோரத்துக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் தகரமும் குழாய் முட்டுகளும் சீக்கிரம் அரிக்கும். ஃபோமுக்குள் புதைந்த குழாயில் கசிவு வந்தால் பழுது பார்ப்பது பெரும்பாலும் வீண்செலவு. கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருட வாரன்ட்டி என்பதில் மயங்காமல், கேஸ் கசிவுக்கும் குழாய்க்கும் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காலிப் பெட்டியை ஓடவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து, நீங்களே கொண்டுபோன தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பாருங்கள். திருகுக் குமிழில் இருக்கும் 1, 2, 3 டிகிரி அல்ல, அதை நம்பவேண்டாம். மைனஸ் 18-ஐத் தொட்டபின் கம்ப்ரசர் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் கேஸ் குறைவு அல்லது காஸ்கெட் (மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) தளர்வு. பத்து ரூபாய் நோட்டை மூடியிடுக்கில் வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் காஸ்கெட் போய்விட்டது. அது மாற்றக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சில நிமிடத்துக்கொரு முறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால், அதைக் கிளப்பிவிடும் சிறு பாகமான ரிலே போயிருக்கலாம், கம்ப்ரசரே போயிருக்கலாம். முன்னது சில நூறு ரூபாய், பின்னது ஆயிரக்கணக்கில். எது என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கினால் ஐஸை மட்டும் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். கால் அங்குலம் கட்டியதும் அணைத்து, மூடியைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். பழைய பெட்டிகளின் அலுமினியச் சுவரில் ஒரு குத்து விழுந்தாலே குழாய் ஓட்டையாகிவிடும்.