அண்ணாச்சி பதில்கள்: பென்ஹர் ஸ்பெஷல்

கேள்வி: 'பென்ஹர்' தேர்ப் பந்தயத்தில் ஒரு ஆள் நிஜமாகவே செத்துப்போனாராம், அதை வெட்டாமல் படத்தில் விட்டுவிட்டார்களாம். எங்க தாத்தா சத்தியம் பண்ணுகிறார். உண்மையா அண்ணாச்சி?
- கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: தாத்தாவைக் குறை சொல்லாதே மக்களே. நானும் இதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன்தான். 1959-ல் வந்த அந்தப் படத்தின் பந்தயத்தில் யாரும் சாகவில்லை. குதிரைக் காலில் மிதிபட்டவை பொம்மைகள். பென்ஹராக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்ட ஜோ கனூட் மட்டும் மயிரிழையில் தப்பினார். உடைந்து கிடந்த தேர்மேல் இவர் தேர் ஏறித் துள்ளியதும் ஆள் முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். எப்படியோ தேரைப் பிடித்துக்கொண்டார். தாடையில் வெட்டுக்காயம், அவ்வளவுதான். அந்தத் துண்டை அப்படியே படத்தில் வைத்துவிட்டு, ஹெஸ்டன் தொற்றி ஏறுவதை அப்புறம் எடுத்துச் சேர்த்தார்கள். அந்தப் பந்தயத்தைப் படம்பிடித்த இருவரில் ஒருவர் யாகிமா கனூட், ஜோவின் சொந்த அப்பா. அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை!

கேள்வி: அந்தப் படத்தில் உங்கள் ஓட்டு யாருக்கு?
- ஆசிரியர், திங்கள்சந்தை

பதில்: வில்லன் மெசாலாவாக வந்த ஸ்டீபன் பாய்டுக்கு. படம் 11 ஆஸ்கார் வாங்கியது. பிறகு 'டைட்டானிக்'கும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகமும் அந்தக் கணக்கைத் தொட்டன, இதுவரை எதுவும் தாண்டவில்லை. ஹெஸ்டனுக்கு விருது, ஷேக்காக வந்த ஹ்யூ கிரிஃபித்துக்கும் விருது. பாய்டின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. கோல்டன் குளோப் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். பந்தயம் முடிந்து நசுங்கிக் கிடப்பாரே, அதைப் பாருங்கள் சார். வைத்தியர் காலை வெட்ட நிற்கிறார். பென்ஹர் வருகிறான், அவனைப் பாதி உடம்போடு பார்க்க மாட்டேன் என்று மறுக்கிறார். வில்லன்மேல் எனக்கு முதன்முதலாக இரக்கம் வந்தது அங்கேதான். ஹெஸ்டனின் கண்ணுக்கும் இவர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவேண்டும் என்று பழுப்பு லென்ஸ் வேறு போட்டுவிட்டார்கள். 1977-ல், 45 வயதில் போய்விட்டார்.

இன்னொரு கூத்து: அம்மாவாக நடித்த மார்த்தா ஸ்காட், ஹெஸ்டனைவிடப் 11 வயதுதான் மூத்தவர். 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்திலும் அவர்தான் அம்மா. நம்ம கோடம்பாக்கத்துக்கு இதெல்லாம் புதுசா என்ன?

கேள்வி: இயேசுவாக நடித்தவர் யார்? கடைசிவரை முகத்தைக் காட்டவே இல்லையே?
- மீன் வியாபாரி, குளச்சல்

பதில்: கிளாட் ஹீட்டர் என்ற அமெரிக்க ஓபரா பாடகர். டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. நாசரேத்தில் சங்கிலியோடு விழுந்து கிடக்கும் பென்ஹருக்கு இயேசு தண்ணீர் கொடுப்பார். தடுக்க வந்த ரோமச் சிப்பாய் அந்த முகத்தைப் பார்த்ததும் தடுமாறுவான், திரும்புவான், மறுபடி பார்ப்பான், நகர்ந்துவிடுவான். நமக்குத் தெரிவது சிப்பாயின் முகம் மட்டும்தான். டைரக்டர் வில்லியம் வைலரின் கெட்டிக்காரத்தனம் அது.

எனக்குப் பத்து வயதில், பங்குத் திருவிழாவுக்குக் கோயில் முற்றத்தில் இரண்டு கமுகங்கம்பு நட்டு, வேட்டித் துணி கட்டி இந்தப் படத்தைப் போட்டார்கள். கடற்காற்றில் துணி உப்பும்போதெல்லாம் ரோமாபுரியே உப்பியது. முன்னால் உட்கார்ந்தால் முதுகுதானே தெரிகிறது, பின்னால் போனால் முகம் தெரியும் என்று என் புத்தி சொன்னது. உபதேசியார் கண்ணில் படாமல் சுக்குக்காப்பிப் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு துணிக்குப் பின்னால் போனேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு பாட்டியும் உண்டு. வெள்ளைக் குதிரைகள் எதிர்த்திசையில் ஓடின. இயேசு வந்தார். அங்கேயும் முதுகுதான். பாட்டி மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.