பாதி ஆட்டத்து ஆர்ட்டி

அன்புள்ள ஐயா,

சிட்னியின் மேற்குப் புறநகருக்குக் குடிவந்து 18 வருடம் ஆகிறது. வந்த புதிதில் ரக்பி லீக் எனக்கு ஒரு தள்ளுமுள்ளு, அவ்வளவுதான். மகன் பரமாட்டா அணிக்குப் பைத்தியமான பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரரும் எங்களோடு உட்கார்ந்து டிவியில் ஆட்டம் பார்த்தார். எழுபதைத் தாண்டியவர், சவுத் சிட்னி ரசிகர். முன்வரிசையில் மோதும் ஒரு பிராப் 25ஆவது நிமிடத்தில் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் ஆரம்பித்துவிட்டார். “இவனெல்லாம் ஃபார்வர்டா? எங்கள் சாட்லர் தாடை உடைந்தும் கடைசிவரை ஆடினான்” என்றார். மகன் விடவில்லை. இன்றைய ஃபார்வர்டு ஆறு பேரை அந்தக் காலத்தில் கொண்டுபோய் விட்டால் எதிரணி பாதியிலேயே வீட்டுக்குப் போய்விடும் என்கிறான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சமோசா எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

உண்மையில் யார் சொல்வது சரி? அன்றைய ஃபார்வர்டுகளையும் இன்றையவர்களையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? முடியுமென்றால் உங்கள் ஆறு பேர் யார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சமோசா எடுக்கப் போனது புத்திசாலித்தனம். நானும் பல வருடம் அப்படித்தான் தப்பித்தேன்.

ரக்பி லீக்கைப் பார்க்காதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. அணிக்கு 13 பேர். அதில் ஆறு பேர் ஃபார்வர்டுகள். முன்னால் இரண்டு பிராப், நடுவில் ஹூக்கர், பின்னால் இரண்டு செகண்ட் ரோ, கடைசியில் லாக். பந்தை எடுத்துக்கொண்டு எதிரே நிற்கும் சுவரில் போய் மோதுவதும், எதிரணி மோத வரும்போது சுவராக நிற்பதும் இவர்கள் வேலை. ஓடிப்போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ‘ட்ரை’ போட்டுக் கைதட்டல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மற்ற ஏழு பேர்தான். ஆஸ்திரேலியாவில் ‘இம்மார்ட்டல்’ என்று பட்டம் கொடுத்துக் கொண்டாடப்படும் 14 பேரில் ஃபார்வர்டுகள் ஐந்தே பேர். களத்தில் கிட்டத்தட்ட பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். உங்கள் மகன் பார்ப்பது வேறொன்று. பெயர்தான் ஒன்று. 1966 வரை சிட்னியில் ஓர் அணி பந்தைத் தவறவிடாத வரைக்கும் தானே வைத்துக்கொள்ளலாம். எத்தனை முறை மடக்கினாலும் பந்து அவர்களுடையதுதான். 1956இலிருந்து 1966 வரை செயின்ட் ஜார்ஜ் அணி தொடர்ந்து 11 கோப்பை வென்றது அந்தச் சட்டத்தின் கீழ்தான். 1967இல் நான்கு டேக்கிள் (மடக்கல்), 1971இல் ஆறு என்று வரம்பு வந்தது; அது முடிந்தால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தற்காப்பு வரிசை பின்வாங்க வேண்டிய தூரம் அன்று அதிகம் போனால் 5 மீட்டர். 1993இல் அது 10 ஆனது.

இந்தப் பத்து மீட்டரை டிவியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருமுறை சிட்னியின் லைக்கார்ட் ஓவல் மைதானத்தில் புல்மேட்டில் இருந்து கீழே இறங்கி, வேலியோரம் நின்று ஒரே ஒரு பிராப்பை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. எதிராளியின் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்த்தார். அவன்மேல் இருந்து எழுந்தார். முதுகைத் திருப்பாமல் பத்து மீட்டர் பின்னோக்கி ஓடினார். நின்ற மறுநொடி முன்னால் பாய்ந்தார். திரும்ப விழுந்தார். ஐந்தாவது டேக்கிள் முடிந்து எதிரணி பந்தை உதைத்தபோது கைகளை முழங்காலில் ஊன்றி, பற்காப்பை வாயிலிருந்து பாதி வெளியே தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கினார். எச்சில் நூலாகத் தொங்கியது. உடனே பந்து அவர் கைக்கே வந்தது. எடுத்துக்கொண்டு போய் மூன்று பேர்மேல் மோதினார். இப்படி ஒரு ஆட்டத்தில் 30, 40 டேக்கிள் போடுகிறவனைப் பெஞ்சில் உட்கார்ந்தான் என்பதற்காகச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்காக மகன் பக்கம் சாய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைய பிராப் அவ்வளவு வேகத்தில் மோத முடிவதற்குக் காரணமே பெஞ்சு இருப்பதுதான். 25 நிமிடம் கழித்து உட்காரலாம் என்று தெரிந்தவன் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் அந்த 25 நிமிடத்தில் கொட்டுகிறான். 80 நிமிடமும் நிற்க வேண்டியவன் சேமித்துச் செலவு செய்வான். சம்பளக்காரன் மாதக்கடைசியை மனதில் வைத்துச் செலவழிப்பதுபோல. இது வாரியத்துக்கும் தெரிந்துதான் ஓர் ஆட்டத்துக்கான ஆள்மாற்றத்தை 2001இல் 12ஆகவும், 2008இல் 10ஆகவும், 2016இல் 8ஆகவும் குறைத்தார்கள். பிரிஸ்பேனின் பெயின் ஹாஸ் மாதிரி ஒரு பிராப் பல ஆட்டங்களில் 60 நிமிடத்துக்கு மேல் களத்தில் நிற்பதைப் பார்த்து விமர்சகர்கள் வாய் பிளப்பது இதனால்தான். அவருடைய தாத்தா காலத்தில் அது செய்தியே அல்ல.

இப்போது சாட்லரின் தாடைக்கு வருவோம். 1970 இறுதிப்போட்டி, சவுத் சிட்னிக்கும் மேன்லிக்கும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, பந்து வேறெங்கோ இருக்கும்போது, மேன்லியின் ஜான் பக்னல் விட்ட குத்தில் சவுத் தலைவர் ஜான் சாட்லரின் தாடை உடைந்தது. தான் அடிபட்டது எதிரணிக்குத் தெரியக்கூடாது, என்னைத் தாங்கிப் பிடி என்று பக்கத்தில் நின்ற மைக் கிளியரியிடம் சொல்லிவிட்டு முழு ஆட்டமும் ஆடினார். 23–12 என்று வென்று, உடைந்த தாடையோடு மேடையேறிப் பேசிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்திருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அன்று மைதானத்தில் இருந்தவர். மதிய உணவு நேரத்தில் வருடத்துக்கு இரண்டு முறையாவது தன் தாடையைக் கையால் தாங்கி நடித்துக் காட்டுவார்.

அதற்கும் முன்னால் 1958 ஜூலையில், பிரிஸ்பேனில் நடந்த இரண்டாவது டெஸ்டில், பிரிட்டன் அணித்தலைவர் ஆலன் பிரெஸ்காட்டுக்கு ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் வலது கை முறிந்தது. அவரும் பிராப். அதே ஆட்டத்தில் டேவ் போல்டன் என்பவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து அவர் வெளியேறிவிட்டார். மாற்று ஆள் இறக்கச் சட்டம் இல்லை. பிரெஸ்காட்டும் போனால் 13 பேருக்கு எதிராக 11 பேர். தொங்கிய கையோடு கடைசிவரை நின்றார். பிரிட்டன் 25–18 என்று வென்றது, பிறகு தொடரையும் வென்றது.

இனி 2014. அதே சவுத் சிட்னி, 1971க்குப் பிறகு முதல் கோப்பைக்கான இறுதிப்போட்டி. ஆட்டத்தின் முதல் மோதலிலேயே சாம் பர்ஜெஸின் கன்ன எலும்பு, கேன்டர்பரியின் ஜேம்ஸ் கிரகாம் தலையில் இடித்து உடைந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. 80 நிமிடமும் ஆடினார். 30–6 என்று வெற்றி. சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே.

மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் வாதம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகத் திரும்புகிறது. பிரெஸ்காட்டுக்கு வேறு வழி இல்லை, பர்ஜெஸுக்கு இருந்தது. பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருந்தான், கையை அசைத்தால் வந்திருப்பான். அசைக்கவில்லை. மன உறுதியை மட்டும் நிறுப்பதென்றால் என் தராசு 2014 பக்கம் கொஞ்சம் தாழ்கிறது.

ஆனால் எலும்பு முறிந்ததை வைத்து ஃபார்வர்டை அளப்பதே எனக்கு இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. கேன்டர்பரிக்காக ஆடி, பிறகு அந்த அணிக்கே பயிற்சியாளராகிக் கோப்பையும் வாங்கிக் கொடுத்த செகண்ட் ரோ ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு இருந்தது தெரிந்தது. சாட்லரை விழுத்திய குத்து இன்று விழுந்தால் விட்டவன் அந்த நிமிடமே வெளியே போவான். 2013இல் நியூ சவுத் வேல்ஸ் தலைவர் பால் கேலன் மாநிலப் போட்டியில் நேட் மைல்ஸை முகத்தில் குத்திய பிறகு, குத்தினால் களத்தை விட்டு வெளியே என்றே ஆகிவிட்டது. தோளால் இடிப்பதும் அந்த வருடத்திலிருந்து தடை. ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். புலம்பட்டும்.

சரி, வேறு எதை வைத்து அளப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவனுடைய காலம் ஒரு ஃபார்வர்டிடம் கேட்காத எதை அவன் கொடுத்தான் என்று பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது நான் போய் நிற்பது ஆர்தர் பீட்சனிடம்.

குவீன்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் பிறந்த பூர்வகுடி. 1973இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைவரானபோது, எந்த விளையாட்டிலும் தேசிய அணியின் தலைவரான முதல் பூர்வகுடி ஆட்டக்காரர் அவர்தான். பெரிய உடம்பு, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய பசி. இளம் வயதில் அவருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பாதி ஆட்டத்து ஆர்ட்டி’. ஒரு பாதி அசத்திவிட்டு மறுபாதியில் மூச்சு வாங்குகிறார் என்று கேலி. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள். அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த ஃபார்வர்டையே அந்தக் காலம் அரை ஆட்டக்காரன் என்று கிண்டல் செய்தது. இன்று ஆடியிருந்தால் அது குறையே இல்லை. பயிற்சியாளர் அவரை 25ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்து, 55இல் திரும்ப அனுப்பி, உச்சி முகர்ந்திருப்பார்.

அவருடைய வித்தை ஆஃப்லோட். பழைய பதிவுகளில் கவனித்துப் பாருங்கள். பந்தோடு நேராக இரண்டு மூன்று பேர்மேல் போவார். மோதும் கணத்தில் தோளை லேசாகத் திருப்புவார். மூவரும் அந்தப் பெரிய உடம்பைத் தழுவிக்கொண்டு தொங்கும்போது ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கும், உள்ளங்கையில் பந்து. விழ அவசரம் இல்லை. பின்னால் ஓடிவருபவனுக்காக ஒரு நொடி காத்திருந்து, தட்டில் வைத்து நீட்டுவதுபோல் கொடுப்பார். மூன்று பேர் இவர்மேல் இருப்பதால் வரிசையில் ஓர் இடம் காலி. வாங்கியவன் அந்த வழியே போய்விடுவான். சுவரை இடிக்க வந்தவர் சுவரில் கதவு வைத்துவிட்டுப் போனார்.

ஜாக் கிப்சன் பயிற்சியாளராக வந்ததும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 1974லும் 1975லும் கோப்பை வென்றது, தலைவர் பீட்சன். 1980 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸுக்கு எதிரான முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மாநிலப் போட்டிக்கு குவீன்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கி இறங்கியபோது வயது 35. அப்போது அவர் உங்கள் பரமாட்டாவின் இரண்டாம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 20–10 என்று வென்றார்கள். உங்கள் மகனுக்கு இது இனிக்கும். 1986க்குப் பிறகு கோப்பை பார்க்காத அணிக்குப் பெருமைப்பட வேறென்ன இருக்கிறது.

இன்று ஆஃப்லோட் செய்யும் ஃபார்வர்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பந்து தவறினால் போச்சு என்று பயிற்சியாளர்கள் அதை அளந்துதான் அனுமதிக்கிறார்கள். மடக்குகிறவர்களும் மல்யுத்தம் கற்றுக்கொண்டு வருகிறார்கள். மூன்றாவது ஆள் வருவதே பந்தையும் கையையும் சேர்த்துப் பூட்டத்தான். பீட்சனின் கை இதில் வெளியே வருமா? பத்துக்கு ஆறு முறை வரும் என்று நினைக்கிறேன். இது ரசிகன் கணக்கு, வழக்குப் போடாதீர்கள்.

உடல் பருமன், எடை பற்றிப் பேச அதிகம் இல்லை. இன்றையவர்கள் முழுநேரம் அதே வேலையாக இருப்பவர்கள். அன்றையவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போனவர்கள். இருந்தாலும் செயின்ட் ஜார்ஜின் நார்ம் புரோவன் ஆறடி நான்கு அங்குலம். 1963 இறுதிப்போட்டி முடிந்ததும் சேற்றில் குளித்து நின்ற அவரும், அவர் நெஞ்சளவு உயரமே இருந்த எதிரணித் தலைவர் ஆர்தர் சம்மன்ஸும் தோள்மேல் கைபோட்டு நிற்கும் படம் இருக்கிறதே, அதுதான் இன்று கோப்பையாக வார்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜெயித்த இளைஞர்கள் இந்த இரண்டு கிழவர்களைத்தான் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். வெண்கலத்தோடு போட்டி போட்டால் எவன் ஜெயிப்பான்?

கடைசியாக, கேட்டீர்களே என்பதால் என் ஆறு பேர். பிராப்பாக பீட்சனும் ஹாஸும். செகண்ட் ரோவில் புரோவனும் பர்ஜெஸும். லாக் இடத்தில் செயின்ட் ஜார்ஜின் ஜானி ரேப்பர், மறுபேச்சு இல்லை. ஹூக்கராக மெல்போர்ன் அணிக்கு 430 ஆட்டம் ஆடிய கேமரன் ஸ்மித். 1920இல் ஒரே ஆட்டத்தில் எட்டு ட்ரை போட்ட ஃபிராங்க் பர்ஜை வெளியே விட்டது எனக்கே உறுத்துகிறது, ஆனால் அவர் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வழியில்லாமல் எப்படிச் சேர்ப்பது?

ஸ்மித் பெயரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவார். ஹூக்கர் என்ற பெயரே ஸ்க்ரமில் (இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்து எதிரெதிரே முட்டி நிற்பது) பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுப்பதால் வந்தது. இன்றைய ஸ்க்ரமில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை, இவனுக்கு அது தெரியுமா என்பார். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் நீங்கள் மறுபடியும் சமோசா எடுக்கப் போகலாம்.