8 மாத லாப்ரடார் நொண்டுகிறது, கால்சியம் கொடுக்கலாமா?
சேலம் அஸ்தம்பட்டியில் வளரும் உங்கள் லாப்ரடார் தூங்கி எழுந்ததும் பின்னங்காலை நொண்டுகிறது, கால்சியம் டானிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்திலேயே போதுமான கால்சியம் இருக்கிறது. அளவு கூடினால் எலும்பும் மூட்டும் சரியாக வளராது. நொண்டும் குட்டிக்கெல்லாம் முதலில் அந்த பாட்டிலை எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினால் எலும்பு அழற்சியாக இருக்கலாம், அது பெரும்பாலும் தானே அடங்கும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவினால் இடுப்பு மூட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகும். சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதுவரை எடை ஏறவிடாதீர்கள். டைல்ஸ் தரையில் சாக்கு விரியுங்கள். ஏற்காடு மலையேற்றம் இப்போது வேண்டாம். அப்புறம், நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.