ரிசர்வ் என்றால் பாதி வேலை இல்லை: பைலட் ஆக விரும்பும் பெண்ணின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாலஸில் பிறந்து வளர்ந்த உங்கள் பெண் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்க, அவள் அமெரிக்க விமானப்படையில் பைலட் ஆகப் போவதாகச் சொல்லிவிட்டாள். நீங்களும் அவள் அப்பாவும் தூக்கமில்லாமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்: "சரி, ரிசர்வ் படையில், அதாவது வேறு வேலை பார்த்தபடியே சேவை செய்யும் பகுதிநேரப் படையில், சேரட்டும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறுதானே!" அப்புறம் ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறீர்கள். ரிசர்வில் போனால் மேலே வர முடியுமா, கடைசிவரை சின்னப் பதவியிலேயே நின்றுவிடுவாளா?

சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். மேலே வர முடியும், உச்சி வரைக்கும். மேரியன் மில்லர் என்ற பெயரை உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே ஆர்.ஓ.டி.சி. (கல்லூரி மாணவர்களைப் படை அதிகாரிகளாக்கும் திட்டம்) பயிற்சி பெற்று 1981-இல் விமானப்படை அதிகாரி ஆனவர். அந்த நாட்களில் பெண்கள் போர் விமானம் ஓட்ட அனுமதி இல்லை. 1993-இல்தான் அந்தக் கதவு திறந்தது. மில்லர் வளர்ந்தது பெரிய போக்குவரத்து விமானங்களின் உலகத்தில். 4,800 மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார். இல்லினாய் மாநில ஸ்காட் தளத்தில் 932-ஆவது விங், கலிஃபோர்னியா டிராவிஸ் தளத்தில் 349-ஆவது விங் என இரண்டு ரிசர்வ் விங்குகளுக்கு, அதாவது பெரிய படைப்பிரிவுகளுக்கு, தலைமை தாங்கினார். 2016-இல் விமானப்படை ரிசர்வுக்கே தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். 2018-இல் நான்கு நட்சத்திர ஜெனரலாக, படையின் போக்குவரத்து விமானங்களையும் எரிபொருள் நிரப்பும் விமானங்களையும் ஆளும் ஏர் மொபிலிட்டி கமாண்டின் தளபதி ஆனார். ரிசர்வில் இருந்து நான்காவது நட்சத்திரம் பெற்ற முதல் ஆளும் அவரே.

இனி அந்த "ஒரு சனி ஞாயிறு" கணக்கு. இங்கேதான் உங்களோடு நான் உடன்படவில்லை.

பைலட் ஆக முதலில் பட்டம் வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்றும் வீணாகாது, தாராளமாகப் படிக்கட்டும். பட்டம் முடிந்து ஒரு ரிசர்வ் பிரிவு அவளைத் தேர்ந்தெடுத்தால், அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் அதிகாரிப் பயிற்சி. அடுத்து ஏறத்தாழ ஒரு வருடம் விமானப் பயிற்சி. பிறகு அவள் ஓட்டப்போகும் விமானத்துக்கென்று தனிப் பயிற்சி. ஊருக்குத் திரும்பிய பிறகும் கை பழகும் வரை சில மாதங்கள் முழுநேரப் பணி. இதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். அந்தக் காலம் முழுக்க அவள் முழுநேரப் படைவீராங்கனைதான். பயிற்சி முடிந்த நாளில் இருந்து பத்து வருடம் சேவை செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம் என்பது பொதுவாக ரிசர்வில் இருப்பவர்களுக்கான அளவு. பைலட்டுக்கு அது போதாது. பறக்காமல் விட்டால் கை மறந்துவிடும், ஆகவே மற்ற நாட்களிலும் தளத்துக்குப் போய்ப் பறந்தாக வேண்டும். போர் வந்தாலோ பேரிடர் வந்தாலோ மாதக்கணக்கில் அழைத்துக்கொள்வார்கள். அப்படிப் போகும்போது அவளுடைய சிவில் வேலைக்கு 1994-ஆம் வருடச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. திரும்பி வந்ததும் நிறுவனம் அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் இல்லாத நேரத்தில் அங்கே ஓடிப்போன பதவி உயர்வை எந்தச் சட்டமும் முழுசாக மீட்டுத் தராது.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. ரிசர்வை ஒரு சமரசமாக நினைத்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் மூன்றாம் வருடத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதை அதற்காகவே விரும்பிப் போனவர்கள் அப்படி இல்லை. முழுநேரப் படையில் சில வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரிசர்வில் ஒரே ஸ்க்வாட்ரனில் (விங்குக்குள் இருக்கும் சிறு பிரிவு), ஒரே மனிதர்களோடு இருபது வருடம் கூட இருக்கலாம். விமான நிறுவன பைலட், பள்ளி ஆசிரியர், நர்ஸ், மெக்கானிக் என்று ஊர்க்காரர்களே அங்கே சீருடையில் நிற்பார்கள்.

அவர்கள் செய்யும் வேலையும் லேசானது அல்ல. மிசிசிப்பியில் பிலாக்ஸி நகரத்தில் 53-ஆவது வானிலை ஸ்க்வாட்ரன் இருக்கிறது, ரிசர்வைச் சேர்ந்தது. புயல் வரும்போது எல்லோரும் விலகி ஓடுவார்கள். இவர்கள் விமானத்தை அதன் கண்ணுக்குள் ஓட்டிப்போய், கருவிகளைக் கீழே போட்டு, காற்றழுத்தத்தையும் வேகத்தையும் அளந்து மயாமியில் இருக்கும் புயல் மையத்துக்கு அனுப்புகிறார்கள். டெக்சாஸ் கடலோரத்தில் எப்போது ஊரைக் காலி செய்வது என்ற முடிவுக்குப் பின்னால் அந்த அளவுகளும் உண்டு.

சரி, மேலே வருவது எப்படி? நன்றாகப் பறந்தால் மட்டும் போதாது. படைக் கல்லூரிப் படிப்புகளை வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே முடிக்க வேண்டும். காக்பிட்டை விட்டு வாஷிங்டன் அலுவலகங்களில் பட்ஜெட் கோப்புகளோடு உட்கார வேண்டும். ஒரு விங்குக்குத் தலைவி ஆனால், நூற்றுக்கணக்கான பேரை அவர்களுடைய முதலாளியிடமும் குடும்பத்திடமும் இருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வருவதுதான் அவளுடைய உண்மையான வேலை. ரிசர்வின் தலைவருக்கு இரண்டு தொப்பி: பென்டகனில் ஆலோசகர், ஜார்ஜியாவில் ராபின்ஸ் தளத்தில் தளபதி. அந்த உயரத்தை நெருங்கும்போது சிவில் வேலை பெரும்பாலும் கையை விட்டுப் போயிருக்கும். அவள் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றில்லை. பலர் ஸ்க்வாட்ரனில் பறந்தபடியே, விமான நிறுவனத்திலும் சம்பாதித்து, இருபது வருடம் முடித்து, அறுபது வயதில் ஓய்வூதியம் வாங்குகிறார்கள். அதுவும் நிறைவான வாழ்க்கைதான்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "ஏதாவது ஆகிவிட்டால்?" என்று எழுதி அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் இல்லாமல் ஆக்க முடியாது அம்மா. மில்லருக்கு அடுத்து ரிசர்வுக்குத் தலைவரான ரிச்சர்ட் ஸ்கோபீயின் அப்பா, 1986 ஜனவரி 28-இல் வெடித்துச் சிதறிய சாலஞ்சர் விண்கலத்தின் தளபதி. மகன் அதே வருடம் விமானப்படை அகாடமியில் பட்டம் பெற்று, எஃப்-16 பைலட் ஆனார். பிற்காலத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் '10-ஆவது விமானப்படை' என்ற ரிசர்வ் பிரிவுக்கும் தளபதியாக இருந்தார். ஆபத்து என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? உங்கள் பெண்ணும் ஆபத்தைத் தெரிந்துகொண்டு பேசுகிறாளா என்று பாருங்கள். தெரிந்தே பேசுகிறாள் என்றால் தடுக்காதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண் பரிசோதனை, அதிலும் நிறப் பார்வை, முதலில். கண்ணாடி போட்டிருப்பது பெரிய தடை இல்லை. ஆனால் படை விதியைப் பார்க்காமல் அவசரப்பட்டு லேசர் செய்துவிடாதீர்கள். அவள் குள்ளம் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். 5 அடி 4 அங்குலம் என்ற பழைய வரம்பை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். கை கால் நீளத்தை அளந்து எந்த விமானத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கிறார்கள். சின்ன வயதில் வீசிங் இருந்ததா? பதிமூன்று வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால் விதிவிலக்கு கேட்க வேண்டி வரும். நம் வீடுகளில் "அதை எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது" என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். பழைய மருத்துவப் பதிவுகளைப் படை இப்போது கணினியிலேயே பார்த்துவிடுகிறது. நோய்க்கு விலக்குத் தருவார்கள், பொய்க்குத் தரமாட்டார்கள்.

விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் பதினெட்டு வயதுக்குள் கேடட்டாகச் சேரலாம், சிறு விமானத்தில் இலவசமாகப் பறக்க வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பிரிவின் அடுத்த கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். கண் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அவளே எழுதினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.